அரை ஆரஞ்சு

விண்ணப்பத்தில் ஒரு பெட்டி:
இப்படிப்பு உங்கள் தொழில் இலக்குக்கு
எவ்வாறு பொருந்தும்? முந்நூறு எழுத்துக்குள்.
படையாச்சி என்று முழுப் பெயர் எழுதவே
கட்டம் போதாத படிவம் அது.

சாட்ஸ்வர்த்தில் எட்டு மணிக்குப் போன மின்சாரம்
பத்தரைக்கு வருமாம்.
கைப்பேசி வெளிச்சத்தில்
மூன்று கையேடுகளைச் சீட்டுக்கட்டுப் போலப்
பரப்பி வைத்திருக்கிறேன்.

கேப்டவுன் கையேடு வழுவழுப்பு.
அட்டையில் குடை பிடித்துப் போகிறது ஒரு நரி.
சிறுவர் படநூல், கண்காட்சி,
கடைசி ஆண்டில் இத்தாலிப் பயணம், செலவு தனி.
ஜோகன்னஸ்பர்க்கில் கேம், அனிமேஷன்.
நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு
ஆறே மாதத்தில் வேலையாம்.
டர்பன் அனுப்பியது நகலெடுத்த நாலு தாள்.
ஊசி துருப்பிடித்து
முதல் பக்கத்தில் பழுப்பாய் ஒரு பொட்டு.

"கேம் படி, டாலர்ல வரும்" என்கிறான் குமேஷன்.
"நீ வரையிற மாத்திரைக்கு யார் காசு தருவா?"
என் தம்பி கணக்கியல் மாணவன்.
கேள்வியில் தப்பில்லை. பதில்தான் இல்லை.

கிளினிக் மருந்தறையில் எனக்கு இது மூன்றாம் வருடம்.
போன மார்ச்சில் திருமதி ம்கீஸே
காசநோய் மாத்திரையைப் பதினொரு நாள்
வேளை மாற்றி விழுங்கியிருந்தாள்.
படம் போட்ட தாளைத்தான் பார்த்தேன் என்றாள்.
பார்த்தேன் நானும்:
மலைமேல் பாதிச் சூரியன்.
காலை என்று அர்த்தமாம்.
இந்த ஊரில் சூரியன் கடலில் எழும்,
மலையில் விழும்.
வரைந்தவருக்கு வேறு ஊர் போல.
அவள் சரியாகத்தான் படித்திருக்கிறாள்.

அன்றிரவே கடலில் வைத்தேன் சூரியனை.
அரை வட்டம், கீழே மூன்று அலைக்கோடு,
பக்கத்தில் ஒரு மாத்திரை.
எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது.
கெட்ட அறிகுறி என்று அப்போது தெரியாது.

கேப்டவுன்காரர்கள் காணொளியில் பார்த்து
கோட்டில் ஒரு இசை இருக்கிறது என்றார்கள்.
இரண்டு நாள் அந்தச் சொல்லை
நாக்கிலேயே வைத்திருந்தேன்.
ஜோகன்னஸ்பர்க்குக்கு ராத்திரி பஸ்.
சூரியன் மேலே ஏறுவதை அசைத்தே
காட்டிவிடலாமே என்றார் ஒருவர்.
நல்ல யோசனைதான்.
தாள் அசையாதே ஐயா என்றேன்.

டர்பனில் சனிக்கிழமை. லிஃப்ட் வேலை செய்யவில்லை.
மூன்றாம் மாடியில் வருகிறவர் பெயரை எழுதிக்கொண்டிருந்தாள்
தண்டேக்கா, இரண்டாமாண்டு, நகக்கண்ணெல்லாம் மை.
என் படத்தை வாங்கிப் பார்த்தாள்.
தள்ளிப் பிடித்துப் பார்த்தாள்.
"தட்டுல அரை ஆரஞ்சு.
மாத்திரையோட பழமும் தின்னணுமா?"

காது சுட்டது.
பறித்துக்கொண்டு இறங்கிவிடலாம் என்றிருந்தது.
அவள் பின்னால் சுவர் முழுக்க ஒரே தேநீர்க் கோப்பை,
நாற்பது விதமாக.
ஒவ்வொன்றின் கீழும் பென்சிலில் ஒரு கணக்கு:
இருபதில் ஏழு. இருபதில் பதினொன்று.
அழகான ஒன்றுக்கு நாலு.
ஓரத்தில், குழந்தை கிறுக்கியது போல்
காது தடித்த ஒரு கோப்பைக்குப் பத்தொன்பது.
புரியாத அந்த ஒருத்தர் யார் என்றேன்.
"எங்க வாட்ச்மேன்.
அவர் டீ குடிக்க மாட்டார்."

இறங்கி வரும்போது
படிகளை எண்ணிக்கொண்டே வந்தேன், ஏனென்று தெரியாமல்.

நரியை மூடி அலமாரியில் வைத்தாயிற்று.
அதன்மேல் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை;
குடை பிடிக்கிற நரிகளும் உலகத்துக்கு வேண்டும்.
பெட்டிக்குள் எழுதினேன்:
காலை என்றால் காலை என்றே புரியும்படி
வரையக் கற்க வேண்டும்.
முக்கால் பெட்டி காலி.
சம்பளம் பற்றி அங்கே எழுத
இன்னும் எதுவும் தோன்றவில்லை.

விளக்கு வந்தது. ஃபிரிட்ஜ் முனகியது.
புதிதாக வரைந்ததைக் குமேஷனிடம் நீட்டினேன்:
சேவல், சன்னல், எழுந்து உட்கார்ந்த ஒருத்தி.
"என்ன இது?"
"நீதான் சொல்லணும்."
ரொட்டியை மென்றபடியே வெகுநேரம் பார்த்தான்.
"கோழிக்கடையா?"

பென்சிலைத் தேடி எடுத்து
அதன் கீழே குறித்துக்கொண்டேன்:
ஒன்றில் பூஜ்யம்.